திறந்து கிடந்த பை

கட்டுகஸ்தோட்டை வாடகை அறையில், மூன்றாம் நாள் காய்ச்சலோடு பிரியாந்தினி கண் விழிக்கிறாள். கட்டிலடியில் அவளுடைய பயணப் பை திறந்து கிடக்கிறது. இழுத்து மூடித்தானே வைத்தாள்? யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. இங்கே யாரை நம்புவது? யன்னலில் மழை வெளிச்சம் மங்கிக் கிடக்கிறது. அக்குறணை பஸ்ஸின் ஹோர்ன் ஒருமுறை கத்தி ஓய்கிறது. பைக்குள் துழாவுகிறாள். சங்கிலி இருக்கிறது. அடையாள அட்டையும் இருக்கிறது. அம்மா மடித்துத் தந்த திருநீற்றுப் பொட்டலம் மட்டும் அவிழ்ந்திருக்கிறது. அதை ஏன் ஒருவர் தொடவேண்டும்? வீட்டுக்கார ஜெசிந்தா அக்கா கஞ்சிக் கோப்பையோடு உள்ளே வருகிறாள். கழுத்தில் சிறிய சிலுவை ஆடுகிறது. கோப்பையிலிருந்து எழும் ஆவியைக்கூடப் பிரியாந்தினி சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள்.

“என்ர பையை ஆர் திறந்தது?”

“நாந்தான் தங்கச்சி. ‘அம்மா, திருநீறு பூசிவிடுங்கோ’ன்னு காய்ச்சல்ல அனத்திக்கிட்டே இருந்தீங்க. எங்க வீட்டுல திருநீறு ஏது? அதான் ஒங்க பையில தேடி எடுத்துப் பூசிவிட்டேன்.”

பிரியாந்தினி நம்பவில்லை. எழுந்து அலுமாரிக் கண்ணாடியில் பார்க்கிறாள். நெற்றியில் திருநீறு இருக்கிறது. ஆனால் மூன்று கோடுகளாக இல்லை. சாம்பல் புதனன்று தேவாலயத்தில் பாதர் நெற்றியில் சாம்பல் இடுவதைப்போல, சிலுவையாக இருக்கிறது. “முருகா” என்று வாய் தானாக முணுமுணுக்கிறது. கழுத்து வியர்வையைத் துவாயால் ஒற்றுகிறாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நெற்றிக்குக் கீழே வந்ததும், அந்தத் திருநீற்றைத் தொடாமல் கை நின்றுவிடுகிறது.