ஜோமாரின் சந்தேகங்கள்

"சாண்ட்பாக்ஸா? அப்படின்னா என்ன?"

ஜோமார் கேட்டதும் கர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஆரம்பிச்சுட்டான்டா! இத்தனை வருஷமா இங்கதானே குப்பை கொட்டுற, இதுகூடத் தெரியாதா?"

"தெரியலைன்னுதானே கேக்கறேன். கோபப்படாம சொல்லேன்."

"சந்தேகமான ஃபைலைத் தனியா அடைச்சு வச்சுத் திறந்து பாக்கற இடம். உள்ளே என்ன வெடிச்சாலும் வெளியே ஒண்ணும் ஆகாது. போதுமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த லொரெட்டா அதை அவசரமாக மனதில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் தெரியாதுதான். ஆனால் செத்தாலும் கேட்கமாட்டாள்.

கனடாவின் வின்னிபெக் நகரம் முழுக்க பஸ் ஓட்டியே நாற்பதைத் தாண்டியவள் அவள். தன்னைப் போன்ற பூர்வகுடிப் பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு சொல்லித்தரும் பயிற்சியில் சேர்ந்து, வேலை பழக இந்த வங்கிக்கு வந்திருக்கிறாள். பிடித்திருந்தால் கடைசியில் வேலை கொடுப்பார்கள். இல்லையென்றால் மறுபடி ஸ்டியரிங்தான். வாயைத் திறந்து எதையாவது கேட்கப்போய், 'சலுகையில் வந்தவதானே' என்று யாராவது நினைத்துவிட்டால்? எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோமாருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. காலைக் கூட்டம் என்றால் ஓர் அசட்டுக் கேள்வி நிச்சயம். அவன்தான் அவளுக்கு வழிகாட்டியாம்! அவளைவிட எவ்வளவோ சின்னவன் வேறு.

மறுநாள் குளிரில் அவளுடைய கார் கிளம்பவே மாட்டேன் என்றது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாள். பயிற்சி நிலையத்து கெயிலுக்கும் போனில் சொன்னபோது, "லீவெல்லாம் எதுக்கு? நான் வந்து ஏத்திக்கறேன்" என்று வந்து நின்றாள்.

காரில் ஏறியதுமே லொரெட்டா கொட்டித் தீர்த்தாள். "கெயில், எனக்கு வேற ஆளைப் போட்டுக் குடு."

"ஏன், ஜோமார் திட்டறானா?"

"திட்டினாக்கூடப் பரவாயில்லையே! தங்கமான பையன். ஆனா மண்டையில ஒண்ணும் கிடையாது. நாளைக்கு எனக்கு வேலை குடுங்கன்னு அவன் போய்ச் சொன்னா, யாரு மதிப்பாங்க? இந்த வயசுல எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது கெயில்."

"சரி, அழாதே. இப்பவே மேனேஜர்கிட்டப் பேசிடறேன்."

வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜரும் காலைக் கூட்டத்தில்தான் இருந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஜோமாரின் குரல். லொரெட்டா கெயிலின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து நம்ம நெட்வொர்க்குக்குள்ள வந்த திருடன், நாம வச்ச ஹனிபாட் பொறியிலதான் விழுந்தான். அதை வச்சே அவன் வந்த வழியைப் பிடிச்சு, எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டேன்."

மடமடவென்று சொல்லிக்கொண்டே போனான். ஒருவரும் குறுக்கிடவில்லை. மேனேஜர் ஏதோ சந்தேகம் கேட்டார். அதற்கும் பதில் டக்கென்று வந்தது. இவனா அவன் என்றிருந்தது லொரெட்டாவுக்கு.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் ஜோமார். "ஹனிபாட்னா என்னன்னு லொரெட்டா அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது. வாயைத் திறந்து கேக்கவும் மாட்டாங்க. நான் வந்த புதுசுல அப்படித்தான் பயந்து செத்தேன். நாளைக்கு அவங்க வந்ததும் வழக்கம்போல நானே கேக்கறேன். யாராவது விளக்கமா சொல்லுங்க."

கெயில் திரும்பிப் பார்த்தாள். 'ஆளை மாற்றவே வேண்டாம்' என்பதாக லொரெட்டா வேகமாகத் தலையாட்டினாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

உள்ளே கர்டிஸ் சொல்லிக்கொண்டிருந்தான்:

"நாளைக்கு நான் கேக்கறேன்டா. எப்பவும் நீ ஒருத்தனே முட்டாளா இருந்தா எப்படி?"