குடும்பம் எந்தப் பக்கம்?

"ஒரே சம்பளத்துக்கு ரெண்டு நாட்டுலயும் வரியா? வயிறு எரியுது சார்."

வருஷத்தில் பாதி வெளிநாட்டு வேலையிலும் பாதி ஊரிலுமாக இருந்தவர் ஆடிட்டரின் மேஜையைத் தட்டினார். பக்கத்தில் அவர் மனைவி அலுப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குத்தான் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு," என்றார் ஆடிட்டர்.

"ரெண்டு பேர் கூடி ஒப்பந்தம் போட்டாலே மூணாவது ஆளோட பைக்குத்தான் ஆபத்து."

"கேளுங்க சார். ரெண்டு பக்கமும் வீடு இருந்தா, குடும்பம் எங்கயோ அந்த நாட்டு ஆள் நீங்க. சம்சாரம் இங்க இருக்காங்க. அங்க பிடிச்சது போக மீதியை இங்க கட்டணும்."

"சம்பளத்துக்கு நான் அங்கதானே குப்பை கொட்டறேன்?"

"கட்டித் தொலைங்களேன். இதுக்குப் போய் மல்லுக்கட்டிக்கிட்டு," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

"தனி ஆளாப் போய்த் தங்கறதெல்லாம் கணக்குல வராது சார்," என்றார் ஆடிட்டர்.

"தனி ஆளுன்னு யாருய்யா சொன்னது? பையன் அங்கதான் ஸ்கூலுக்குப் போறான்."

ஆடிட்டர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் இருந்த அம்மாளுக்குப் பிள்ளையே பிறந்ததில்லை.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பக்கமே எழுதிடுங்க சார். இங்க இவருக்கு வீடும் இல்ல, குடும்பமும் இல்ல."