மூன்று விநாடிப் பிரிவு

மதில்மேல் ஓர் அணிலும் சிட்டுக்குருவியும் ஒட்டி உட்கார்ந்திருந்த புகைப்படம் அது. குருவி மட்டும் பறப்பதுபோல் அதைக் கணினியில் மூன்று விநாடி அசைபடமாக்கத் தொடங்கினாள் மாதங்கி.

இறக்கை அசைந்ததும் அணில் கலங்கியது. "போறியா?"

"போயிட்டு வரேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

குருவி படத்தின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. அணில் வெறும் மதிலைப் பார்த்தது.

அசைபடம் ஓயாமல் திரும்பத் திரும்ப ஓட, கடைசிக் காட்சியும் முதல் காட்சியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதனால் மாதங்கி குருவியைத் திரும்ப அழைத்துவந்து அதே இடத்தில் உட்கார வைத்தாள்.

"வந்துட்டியா?"

"சொல்லிட்டுத்தானே போனேன்."

மறுபடி போனது, மறுபடி வந்தது. ஏழாவது முறை அணில், "மெதுவாவே வாடி, உன் இடம் எங்கேயும் போயிடாது," என்றது.

மாதங்கி திரையை உற்றுப் பார்த்தாள். அணிலின் வால் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் அசைக்கவே இல்லை.