முனை இல்லாத இழை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்லப்போகிறேன். கண் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறை. ஜன்னல் வெயில் கண்ணாடித் தகடுகளில் பட்டு மேசையெங்கும் சிதறுகிறது. நாற்காலியில் தச்சர். பார்வையுள்ள அவருடைய ஒரே கண்ணின் மேல் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மரச்சிராய் தெறித்த அந்தக் கண்ணில், தன் கண் ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருந்த சொட்டு மருந்தை விட்டவள் அவர் மனைவி, தையல்காரி. அந்தக் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பரிசோதகி தலையை எடுக்கிறாள். "இது ஹைஃபா, அம்மா." "அப்படின்னா?" என்கிறாள் தையல்காரி. "பூஞ்சையோட இழை. நூல் மாதிரி ஓடும். நீங்க விட்டது ஸ்டீராய்டு மருந்து, அதுல பூஞ்சை நல்லா பரவிடுச்சு." "விட்டதும் வலி குறைஞ்சுதேம்மா!" "வலி மட்டும்தான் குறைஞ்சுது." தச்சர் சிரிக்கப் பார்க்கிறார். "நூல்தானே? என் வீட்டுக்காரி பிரிக்காத தையலா?" தையல்காரி குனிந்து நுண்ணோக்கிக்குள் பார்க்கிறாள். வெளிறிய வட்டத்துக்குள் கிளைக்கு மேல் கிளையாக இழைகள் ஓடுகின்றன. அவளுடைய விரல்கள் மேசைமேல் எதையோ கிள்ளிப் பிடிக்கத் தவிக்கின்றன. "ஒரு முனை காட்டும்மா, இழுத்துடறேன்," என்று கிசுகிசுக்கிறாள். பரிசோதகி அந்த விரல்களைப் பொத்திக்கொள்கிறாள். "என்ன, பிரிச்சுட்டியா?" என்று தச்சர் கேட்கிறார். "பிரிச்சுக்கிட்டே இருக்கேங்க," என்கிறாள், தலையை நிமிர்த்தாமல். உங்கள் வீட்டில் ஒருவர் முகம் ஒருவருக்கு என்றும் தெளிவாகத் தெரியட்டும், என் செல்லங்களே.