மணியில் திணித்த பஞ்சு

"மணிக்குள்ள பஞ்சைத் திணிச்சது நீங்கதானே அண்ணே, அதைச் சொல்லுங்க மொதல்ல..."

"நாந்தான். நூல் அறுந்தா மணி, கரண்டு எறங்குனா மணி, கதவு தெறந்து கெடந்தா மணி. எம்புட்டு நேரம்தான் தாயி மனுசன் காது..."

"அது நான் வச்சதில்ல!"

அற்புதமேரி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

சமயநல்லூர் ரோட்டு மில்லுக்குக் கம்ப்யூட்டர் புதுசு. அதற்குப் புரோகிராம் எழுதியவள் அவள். மூன்று நிலைதான் வைத்திருந்தாள். நூல் அறுந்தால் தகவல். தாளில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். மெஷின் நின்றால் எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு எரியும். பஞ்சு ரூமில் சூடு ஏறினால் மட்டும் அபாயம். அதற்குத்தான் மணி.

எனக்குத் தெரியாமல் இந்த மில்லில் ஒரு நூல் அறக்கூடாது என்றார் மேனேஜர். எல்லாவற்றையும் அபாயமாக்கச் சொன்னார்.

மாட்டேன் என்றாள். பிறகு செய்துகொடுத்தாள்.

அன்றிலிருந்து மணி ஓயவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், அந்த மெஷினில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு மெமோ.

ஃபோர்மேன் உக்கிரபாண்டி பார்த்தார். ஏணி போட்டு ஏறி, மணிக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவே கழிவுப் பஞ்சை இறுக்கிவிட்டு இறங்கினார். பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

நேற்று பஞ்சு ரூமில் தீ.

சுத்தி துடித்துக்கொண்டேதான் இருந்ததாம். சத்தம்தான் இல்லை.

"பஞ்சு ரூம்ல நின்ன இருளாயி அக்கா ஆஸ்பத்திரியில கெடக்குறது ஒங்களாலதான்!"

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு இன்னும் உரக்கக் கத்தினார்.

"என்னால மட்டுமா? தலையாட்டி எழுதிக் குடுத்தது ஆரு?"

மேனேஜர் உள்ளே வந்தும் இருவரும் நிறுத்தவில்லை.

"போதும்யா. இன்ஸ்பெக்டர் ஜீப்பு காளவாசல் தாண்டிருச்சாம். ஏம்மா, சூடு ஏறுறதைத் தகவல்னு மாத்து. மணி அடிக்கவே வேண்டாம்னு இருந்தா, ஏன் அடிக்கலைன்னு எவன் கேப்பான்? ஒன் வேலையும் தப்பும், இந்தாளு வேலையும் தப்பும்."

"தீப்பிடிக்கிறது தகவலா சார்?"

"நாலு பொதி கருகிருச்சு. ஒரு பொம்பளைக்குக் காயம். சின்ன விசயம். உக்காரு."

அற்புதமேரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உக்கிரபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். மாற்றினால் முதலில் தப்புகிறவர் அவர்தான். ராத்திரி முழுக்கப் பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேரே வந்திருந்தார். சட்டையில் மருந்து வாடை.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. மாத்தவா, வேண்டாமா?"

அவர் மேசையருகே வந்தார். தன் அகலமான கையை விரித்து விசைகளின்மேல் அப்படியே அழுத்தி வைத்தார். திரையில் எழுத்துகள் தாறுமாறாக ஓடின.

"யோவ், கைய எடுய்யா!"

உக்கிரபாண்டி எடுக்கவில்லை.

"இருளாயி காலையில போய்ச் சேந்துட்டா சார். அவ ஆத்தா ஊர்லருந்து வந்து கேட்ல நிக்குது. எந்த வார்டுல மக இருக்கான்னு கேக்குது. வாங்க, சின்ன விசயம்னு நீங்களே வந்து சொல்லுங்க."