எலிவால் ஆன்டெனா

பத்தடிக் கம்பியின் வேலையை இரண்டடிக் கம்பியும் அடியில் ஒரு செம்புச் சுருளும் செய்துவிடும் என்பது ஆன்டெனாக்காரர் போட்ட கணக்கு. அவர் மனைவி அதற்கு எலிவால் என்று பெயர் வைத்தாள். அதை ஜீப்பில் மாட்டி, வீட்டு வாசலில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பினார். மீட்டரில் பத்து ஏறும்போதெல்லாம் அவர் ரேடியோவில் கூப்பிட வேண்டும். அவள் வீட்டிலிருந்து கேட்டதை நோட்டில் எழுத வேண்டும்.

முப்பதில் கூப்பிட்டார்.

"முப்பது அப்பவே எழுதியாச்சுங்க. நாப்பதும் எழுதிட்டேன்," என்றாள்.

"நாப்பதுக்கு நான் இன்னும் வரவே இல்லையே! என்ன சொன்னேனாம்?"

"பேச்சே இல்ல. மூச்சு வாங்குற சத்தம்தான். உங்க எலிவால் சரியில்ல."

"அம்பது?" என்று கேட்டார்.

"அது உங்க குரலே இல்ல. யாரோ ஒருத்தர், 'இந்த ஜீப்புல வந்தவர் வீடு எங்க இருக்கு?'ன்னு கேட்டார். விளையாடாதீங்க, எனக்கு வேலை கிடக்கு."

சோதனையாவது மண்ணாவது என்று ஆன்டெனாக்காரர் அங்கேயே ஜீப்பை வீட்டுப் பக்கம் திருப்பினார். போன உயிர் வந்தது. சீட்டியடித்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் ஓட்டியவர், பழக்கதோஷத்தில் மீட்டரைப் பார்த்தார்.

மீட்டருக்குத் திரும்பத் தெரியாது. அது முப்பத்தொன்று காட்டியது. வீட்டுக்கு இன்னும் இருபத்தொன்பது கிலோமீட்டர் இருந்தது.