பஸ்ஸில் எத்தனை மணி நேரம்?

வீட்டிலிருந்தே ஐ.டி. வேலையைப் பார்க்கலாம் என்று ஆனதும், சைத்ராவும் அவள் கணவன் சாய்சரணும் சரவணம்பட்டியைக் காலி செய்துவிட்டு, வேறு மாநிலத்தில் ஏதாவது கிராமத்தில் மகளை வளர்ப்பதென்று முடிவு செய்தார்கள். சைத்ராவின் மாமனார் ராமுலுதான் எந்த ஊருக்கும் தலையாட்டுவதாக இல்லை.

“மாமா, கர்நாடகாவுல சக்லேஷ்பூர் பக்கம் பாக்கலாமுங்களா?”

“பஸ்ல எத்தன மணி நேரம் அம்மணி?”

“பத்து மணி நேரமுங்க.”

“வேண்டாங் கண்ணு.”

“ஆந்திராவுல மதனப்பள்ளி?”

“அதுவும் எட்டு மணி நேரமாச்சே! கேரளாவுல சித்தூரு பாருங்க. ஒண்ணர மணி நேரத்துல போயிரலாம்.”

சைத்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. “நேராவே சொல்லிப்போடுங்க மாமா. இந்த ஊர விட்டு வர உங்களுக்கு இஷ்டமில்லீங்களா?”

“நானா? உங்க குடித்தனத்துக்கு நான் எங்க அம்மணி வாரேன்? வாரம் ஒருக்கா பேத்தியப் பாத்துப்போட்டுப் பொழுதோட திரும்போணுமல்லோ? அதுக்குத்தான் பஸ்ஸு கேட்டேன்.”

சைத்ரா அவரையே பார்த்தாள். “ஏனுங்க மாமா, எந்த ஊருல ஊடு பாத்தாலும், மாமாவுக்குப் படியேறாம ஒரு ரூம் இருக்குதான்னுதானுங்க நாங்க மொதல்ல கேக்கறோம்!”

ராமுலு கேட்டார்:

“சக்லேஷ்பூருல குளிரு சாஸ்தியாமா அம்மணி? ஸ்வெட்டர் ஒண்ணு எடுக்கோணும்.”